இரவற் கசப்பு

கசப்பிலும் உயர்வு தாழ்வு கற்பித்த சமுதாயம் நம்முடையது. பியரில் ஊறிய ஹொப்பின் கசப்பை நாகரிகச் சுவையெனப் போற்றுவோர், பனங்களியின் கசப்பைக் குறையென இகழ்கின்றனர். இம்முரண்பாடு நாவின் இயல்பால் எழுந்ததன்று. சிந்தையின் அடிமைத்தனத்தால் எழுந்தது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹொப் மலரிலுள்ள அல்பா அமிலங்கள் வாற்கோதுமைச் சாற்றுடன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொதிக்கையில் உருமாறிக் கசப்பைத் தருகின்றன. அக்கசப்பு சாற்றின் இனிப்பைச் சமன்செய்கின்றது. பானத்தைப் புளிக்கச்செய்யும் இலற்றிக்கமிலப் பற்றீரியாக்களையும் அடக்குகின்றது. வெறி மிகுந்த பியரை வீட்டில் ஆக்குவோர் அறியும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. சாற்றின் சாரடர்த்தி 1.040 இலிருந்து 1.080 ஆக உயர்ந்தால், அதில் இறங்கும் கசப்பு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறையும். எஞ்சும் இனிப்போ கூடும். ஆகவே ஹொப்பைப் பெரிதும் மிகுத்திடல் வேண்டும். நீண்ட கோடைப் பகலை வேண்டும் அக்கொடி, 9½ பாகை அகலக்கோட்டில் அமைந்த நம் தீவகத்தில் செழிப்பதில்லை. நாம் போற்றும் அக்கசப்பு கடல் கடந்து வருவது.

இனிப் பனையை நோக்குவோம். முட்டியிற் சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர், தடவாவிடின் கள். காலையில் இறக்கிய கள் மாலைக்குள் புளித்துவிடும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணி நேரம். அப்பால் யாழ்ப்பாணச் சந்தைக்குத் தரைவழி. இத்தொலைவைத் தாங்கவல்ல காவல் கள்ளுக்கு இல்லை. இதன் இழப்பைச் சுமப்பவன் நாளும் உயிரைப் பணயம் வைத்து மரமேறும் சீவல் தொழிலாளியே.

கள்ளில் ஹொப்பை இட்டாலென்ன எனச் சிலர் வினவுவர். கள் கொதியாத பானம். கொதியாவிடத்து ஹொப் போதிய கசப்பைத் தாராது. கள்ளைக் காடியாக்கும் அசற்றிக்கமிலப் பற்றீரியாவும் ஹொப்புக்கு அடங்குவதில்லை. கருப்பநீரைக் கொதிக்கவைத்து ஹொப்பிட்டு நொதிக்கவிட்டாலும், அதன் வெல்லம் பெரும்பாலும் நொதித்துவிடுவதால் கசப்பைத் தாங்கும் இனிப்பு எஞ்சாது. வாற்கோதுமைக்கு வகுத்த அளவு பனைக்குப் பொருந்துமாறில்லை. இரவல் அறிவின் எல்லை இதுவே.

பனையிடத்தே கசப்பு இல்லையா? பனங்களியின் கசப்புக்குக் காரணம் பிளபெலிபெரின் எனும் சபோனின் தொகுதி என்பதனை இலங்கை ஆய்வாளரே வெளிப்படுத்தியுள்ளனர். அத்தொகுதியின் சில கூறுகள் நுண்ணுயிர்களையும் அடக்குவன. கசப்பும் காவலுமாகிய ஹொப்பின் இரு பண்புகளும் நம் வேலியோரத்துப் பனையில் உள்ளன! நாம் பெரிதும் நாடியதோ, நரிஞ்சினேசு நொதியம் கொண்டு அக்கசப்பை நீக்கும் வழியையே.

அது மதுவத்தையும் தடுக்குமே என்பர். உண்மை. எனினும் நொதித்தல் முடிந்தபின் சேர்ப்பின், அத்தடையே காவலாகாதா? எவ்வளவு, எப்போது, உடலுக்கு ஊறின்றிச் சேர்க்கலாம் என்பன ஆய்வுகூடத்தில் விடைகாண வேண்டிய வினாக்கள். ஏளனத்தால் தள்ளத்தக்கன அல்ல.

மதுவைப் பரப்புவதோ எனச் சான்றோர் சினக்கலாம். மது அழித்த குடும்பங்கள் தீவகத்தில் உண்டு, மறுப்பாரில்லை. ஆயின் 8 வீதத்துக்கு மேற்பட்ட அற்ககோல் கொண்ட பியர் சட்டப்படி விற்கப்படும் நாட்டில், ஏறத்தாழ 5 வீதமுள்ள கள்ளின்மீது மட்டும் பாயும் சினம் அறச்சினமன்று. அறத்தின் போர்வையிற் கரந்துறையும் சாதியுணர்வேயாம். இல்லத்தில் ஆக்கிய தோப்பியைப் பெரும்பாணாற்றுப்படை பாடுவதை வகுப்பறையில் வியந்துரைத்துவிட்டு, வெளியே வந்து கள்ளிறக்குவோனை இழித்துரைப்பது எவ்வகைத் தமிழ்ப்பற்று?

1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ், உரிமமின்றி மது ஆக்கல் குற்றமாகும். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு மூட்டுமாறு நாம் கூறவில்லை. 1978 இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் பல்கலைக்கழக இரசாயனத் துறைகளும் இக்கசப்பை ஆராய்க. தீவகக் கூட்டுறவுச் சங்கங்கள் சிற்றளவில் ஆக்கிப் பார்க்க உரிமம் வழங்கப்படுக. பயன் விளையின் அது சீவல் தொழிலாளியின் கைக்கே செல்க. இம்மூன்றையும் செய்யாது பனையைக் கற்பகதருவென மேடைதோறும் முழங்குதல் வெற்றுரையே.