வீட்டுத் தோட்டம்: வெற்றிலைக் கொடி தழைப்பதற்கு



நம் இல்லங்களில் மங்கல காரியம் எதுவாயினும் வெற்றிலையின்றி நடைபெறாது. நிச்சயதார்த்தத் தட்டிலும் அது வேண்டும். இறுதிக் கடனிலும் அது வேண்டும். மான்குர்தில் வாழும் நம்மவர் பலர், ஊர் வெற்றிலையின் காரத்தை நாடி மாதுங்கா கடைத்தெரு வரை சென்று வருகின்றனர். ஊருக்குப் போய்த் திரும்புவோர் சிலர் ஒரு கொடித்துண்டை ஈரத்துணியில் சுற்றிக் கொணர்ந்து நடுகின்றனர். அது இரண்டு மாதம் அசையாமல் நிற்கிறது. பிறகு மழைக்காலத்தில் அழுகி மறைகிறது. “இந்த இடம் நம் கொடிக்கு ஆகாது” என்று பெரியவர்கள் மனம் சலித்துக் கூறுவதைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். அச்சொல்லில் பாதியே உண்மை.

ஆகாதது மண், காற்று அன்று. இதே கொங்கணக் கரையில், வசாய், பால்கர் பகுதிகளில் வெற்றிலைத் தோட்டங்கள் உள்ளன. வெப்பமும் ஈரக்காற்றும் வெற்றிலைக்கு உகந்தவையே. ஆனால் மான்குர்த் தாணே உப்பங்கழியை ஒட்டிய தாழ்நிலம். உப்பு மண்ணையும் தேங்கிய நீரையும் வெற்றிலை வேர் பொறாது. மும்பையிலோ ஜூன் முதல் செப்டம்பர் முடிய நான்கே மாதங்களில் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. ஆகவே கொடியைத் தரையில் நடாமல் தொட்டியில் வளர்ப்பதே நன்று.

நமது கொடிக்கால் விவசாயிகள் செய்வதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அவர்கள் முதலில் அகத்தியை விதைத்து வளர்க்கின்றனர். அது உயர்ந்து நிழல் தந்த பின்னரே கொடியை நடுகின்றனர். நிழலும் பற்றுக்கோலும் முன்னே, கொடி பின்னே. 2023-இல் சோழவந்தான், ஆத்தூர் வெற்றிலைகளும், 2025-இல் கும்பகோணம் வெற்றிலையும் புவிசார் குறியீடு பெற்றன. அப்புகழுக்குப் பின்னே இருப்பது இத்தகைய முன்யோசனைதான்.

நாமும் அம்முறையையே பின்பற்றுவோம். ஓரடி ஆழமுள்ள தொட்டியின் அடித்துளை மீது ஓட்டுச் சில்லுகளைப் பரப்புக. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்கு மக்கிய சாண எரு கலந்து நிரப்புக. கழிமுகத்து மணல் உப்புள்ளது. அதைத் தவிர்க்க வேண்டும். தொட்டியின் நடுவே சொரசொரப்பான மரக்கம்பு ஒன்றை ஊன்றி, தேங்காய் நாரைச் சுற்றிக் கட்டுக. நாரிலும் உப்பு இருக்கக்கூடுமாதலால் இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிய பிறகே பயன்படுத்துக.

நடுவதற்கு முற்றிய, நோயற்ற கொடியிலிருந்து மூன்று முதல் ஐந்து கணுக்கள் உள்ள துண்டே ஏற்றது. இரண்டு கணுக்கள் மண்ணுள் புதைய நட வேண்டும். பெருமழை தணியும் புரட்டாசி நல்ல தருணம். உச்சிவெயில் படாத, ஆனால் வெளிச்சம் உள்ள இடத்தில் தொட்டியை வையுங்கள். கட்டடங்கள் நெருங்கி நிற்கும் நம் குடியிருப்புகளில் கீழ்த்தளத்துச் சந்து இருண்டிருக்கும். நிழலை விரும்பும் கொடிக்கும் இருள் ஆகாது. காலை வெயில் சிறிது எட்டும் சாளரமே சிறந்தது.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். பல கொடிகள் கவனக்குறைவால் சாவதில்லை. அளவுக்கு மிஞ்சிய கவனத்தால் சாகின்றன. வளரவில்லையே என்று நாள்தோறும் இருமுறை நீர் ஊற்றுவோர் உண்டு. உரத்தை அள்ளிப் போடுவோர் உண்டு. வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்ப்போரும் உண்டு. புதுத்துண்டு முதலில் மண்ணுக்குள்தான் வேலை செய்கிறது. மேலைநாட்டு ஹாப்ஸ் கொடியும் இத்தன்மையதே. நம் நாட்டில் இமாசலத்தின் லாஹூல் பள்ளத்தாக்கில் அதைப் பயிரிட்டிருக்கின்றனர். முதலாண்டை அது பெரும்பாலும் வேரூன்றுவதிலேயே கழிக்கும். குளிரை நாடும் அதற்கும் வெப்பத்தை நாடும் வெற்றிலைக்கும் உறவில்லை. எனினும் பொறுமை இரண்டிற்கும் பொது.

விரலால் மேல்மண்ணைத் தொட்டு, ஈரம் குறைந்திருந்தால் மட்டும் நீர் விடுக. மழைக்காலத்தில் தொட்டியைக் கூரையோரம் நகர்த்துக. அடித்தட்டில் நீர் நிற்கலாகாது. மார்கழி, தை மாதங்களின் வறண்ட காற்றில் வளர்ச்சி மந்தப்படும். அப்போது இலைமீது நீர் தெளித்தால் போதும். புதுக்கொழுந்து கண்ட பின்னரே மாதம் ஒரு பிடி மக்கிய எரு இடுக. கொடி ஏற ஏற, கணுக்களைக் கம்போடு சேர்த்து வாழைநாரால் தளர்வாகக் கட்டுக. கணுவில் தோன்றும் வேர் பற்றிக்கொண்டால்தான் இலை அகன்று வரும். முதல் ஆறு மாதம் இலை கிள்ளாதிருப்பது நலம்.

கொடி உயர்ந்து அடிப்பகுதி வெறுமையானதும், அதைப் பக்குவமாக இறக்கி, இலையற்ற பகுதியைத் தொட்டியிலேயே சுருட்டி மண்ணிட்டு மூடுக. கணுக்கள் மீண்டும் வேர்விட்டுக் கொடி புதுமை பெறும். அச்சமயம் மிகுதியாகும் துண்டுகளை எறிந்துவிடாமல் அண்டை வீட்டாருக்கு அளியுங்கள். இங்கேயே வேர்விட்டுப் பழகிய கொடியின் துண்டு, நெடும்பயணத்தில் வாடி வந்த துண்டைவிட எளிதில் பிழைக்கும். மாடிக்கு ஒரு கொடி இருந்தால், விடியற்காலை முகூர்த்தத்திற்கோ நள்ளிரவுத் துக்கத்திற்கோ எவரும் வெற்றிலை தேடி அலைய வேண்டியதில்லை.

அடுத்த இதழில் கறிவேப்பிலையைப் பற்றி எழுதுவேன்.