பாவையைப் பாறையில் தேடுபவருக்கு

கொல்லிமலையில் புளியஞ்சோலையிலிருந்து ஐயாற்றை ஒட்டி மேலேறி, ஆகாயகங்கை வரை தேடிவிட்டு வந்த நண்பர் ஒரே போடாகப் போடுகிறார்: சிலை கிடைக்காதவரை, சங்கப் பாட்டுகளில் வரும் கொல்லிப்பாவை கலைப்படைப்பே அல்ல, கொல்லுகிற ஒன்றை அழகு என்பதும் அபத்தம்.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். அழகும் நன்மையும் ஒரே கிளையில் காய்க்கும் என்பது பிளேட்டோ பக்கத்து ஆசை. டால்ஸ்டாயே அதை ஏற்கவில்லை. அழகுக்கு மயங்குவது வேறு, நன்மை வேறு என்றார். நற்றிணை 185இல் காதலி தன்னைக் கொல்லப் பார்க்கிறாள் என்று காதலன் புலம்பும்போதுதான் அவளைக் கொல்லிப்பாவையோடு ஒப்பிடுகிறான். அவள் அழகை அவன் மறுக்கவில்லையே! அழகுதான் அவனுடைய வழக்கே.

இனி சிலை. 185இல் பாவையைச் செய்தது தெய்வம், 192இல் பூதம். பரணரின் 201ஆம் பாட்டிலோ காற்று மோதினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் அதன் உருக் குலையாது. செய்தவர் மாறியும் பாவை மாறவில்லை. கல்லை வைத்து இதை நண்பர் எப்படி விளக்குவார்? சோழர் செப்புத்திருமேனி தொலைந்தால் போலீசில் புகார் கொடுக்கலாம், அங்கே பொருள்தான் படைப்பு. எல்லாக் கலையும் அப்படியல்ல.

கொல்லிமலை எட்டுக்கை அம்மனே அந்தப் பாவை என்பவர்கள் உண்டு. நண்பர் அங்கும் போய், ‘இது அதுவல்ல’ என்று உதட்டைப் பிதுக்குவார். எதை வைத்து? நற்றிணையை வைத்துத்தான்.