மூளை ஸ்கேன் 'நார்மல்'... ஆனாலும் தொற்று இருக்கலாம்! எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சிக்கல்?

தில்லைநகர், புத்தூர் பக்கம் ஸ்கேன் சென்டருக்குப் பஞ்சமே இல்லை. ஸ்ரீரங்கத்தில் ஒருவருக்கு விடாத தலைவலி, காய்ச்சல் என்றால், காவிரிப் பாலத்தைத் தாண்டி வந்து எம்.ஆர்.ஐ. எடுப்பது பெரிய காரியமில்லை. ஆனால் அவர் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவரா, கீமோதெரபியில் இருப்பவரா, எச்.ஐ.வி. உள்ளவரா, மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடுபவரா என்பதைப் பொறுத்து, அதே படத்துக்கு அர்த்தம் மாறிவிடும்.

காரணம் எளிது. ஸ்கேனில் கிருமி தெரியாது. கிருமியோடு உடம்பு போட்ட சண்டையின் தடம்தான் தெரியும். மூளையில் சீழ்க்கட்டி வந்தால், உடம்பு அதைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பும். கான்ட்ராஸ்ட் ஊசி போட்டுப் படம் எடுத்தால் அந்தச் சுவர் வெள்ளை வளையமாக மின்னும். சண்டை போடவே ஆள் இல்லாத உடம்பில் அந்த வளையம் மங்கலாக இருக்கும். சில நேரம் இருக்கவே இருக்காது. நோய் முற்றியிருக்கும், படம் சாதுவாக இருக்கும்.

சரி, வளையம் தெளிவாகத் தெரிந்துவிட்டால்? அப்போதும் குழப்பம்தான். இதற்கு நம்ம வேலூரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சி.டி. ஸ்கேன் இந்தியாவுக்கு வந்த புதிதில், வலிப்போடு வந்த பலருடைய மூளையில் சின்னதாக ஒற்றை வளையம் தெரிந்தது. 'காசநோய்க் கட்டி' என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யின் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழு அந்தக் கட்டிகளை எடுத்துச் சோதித்தபோது, பலவற்றில் இருந்தது நாடாப்புழுவின் இளம்புழு. 1989-இல் லான்செட் இதழில் இதை எழுதினார்கள். (சைவம் சாப்பிடுபவர்களுக்கும் இது வரும், புழு முட்டை கலந்த தண்ணீரோ, கழுவாத காய்கறியோ போதும்.) 20 மில்லிமீட்டருக்குள் இருக்கும் உருண்டையான வளையம், மூளையை ஒரு பக்கம் தள்ளாத வீக்கம் என அவர்கள் 1993-இல் வகுத்த அளவுகோல்களை இன்றும் டாக்டர்கள் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கு அந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. அவருக்கு வளையம் என்றால் பட்டியல் நீளும்: டாக்ஸோபிளாஸ்மா, காசநோய், பூஞ்சை, கூடவே லிம்போமா என்ற புற்றுநோய். 1986-இல் சென்னையில் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்ட பிறகு இந்தியா பழகிக்கொண்ட பட்டியல் இது. டாக்ஸோபிளாஸ்மா பெரும்பாலும் சிடி4 எண்ணிக்கை 100-க்குக் கீழே போனால்தான் தலைதூக்கும். சந்தேகம் வந்தால் மண்டையைத் திறப்பதற்கு முன்பு மருந்தைத் தொடங்கி, சுமார் 2 வாரத்தில் மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள். கட்டி சுருங்கினால் அதுதான் விடை. சுருங்காவிட்டால் பயாப்ஸி. முதல் ஸ்கேனைவிட இரண்டாவது ஸ்கேன்தான் இங்கே அதிகம் பேசுகிறது.

ஸ்கேனே ஏமாற்றும் நோய்

கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல்தான் இதில் பொல்லாதது. புறா எச்சம் கலந்த மண்ணில் இருக்கும் பூஞ்சை. புறா இல்லாத ஊர் ஏது, நல்ல ஆரோக்கியம் உள்ளவர்களைப் பொதுவாக ஒன்றும் செய்வதில்லை. சிடி4 குறைந்தவருக்கோ உயிரைப் பறிக்கும். இதில் சி.டி. ஸ்கேன் பல நேரம் நார்மலாகவே வரும். 'ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போலாம்' என்று கிளம்பினால் நாள் வீணாகும். விடை இருப்பது முதுகில் ஊசி போட்டு எடுக்கும் நீரிலும், ரத்தத்தில் செய்யும் ஆன்டிஜென் சோதனையிலும். இந்த ஆன்டிஜென் சோதனைக்கு ஒரு சின்னப் பட்டை போதும், சில நிமிடங்களில் முடிவு வந்துவிடும். எச்.ஐ.வி. உள்ளவர்களில் சிடி4 100-க்குக் கீழே இருந்தால், அறிகுறி தெரியும் முன்பே இதைச் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த இடத்தில் ஸ்கேனின் வேலை வேறு: ஊசி போடும் அளவுக்கு மூளையில் அழுத்தம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது.

ஸ்கேன் நிஜமாகவே கைகொடுத்த இடமும் உண்டு. 2021 மே மாதம் கருப்புப் பூஞ்சையை அறிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு சேர்த்தது. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, கூடவே கொரோனாவுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு என்ற இரண்டும் சேர்ந்தவர்களே அதில் அதிகம் சிக்கினார்கள். மூக்கில் செத்துப்போன சதைக்கு ரத்தம் போகாததால் கான்ட்ராஸ்ட் ஏறாது, எம்.ஆர்.ஐ.யில் அந்தப் பகுதி கருப்பாகத் தெரியும். சைனஸில் நிற்கிறதா, கண்ணுக்குப் போய்விட்டதா, மூளையைத் தொட்டுவிட்டதா என்று அறுவை சிகிச்சை நிபுணருக்கு வரைபடம் கிடைத்தது. இருந்தாலும் பூஞ்சைதான் என்று உறுதிசெய்தது சதைத் துணுக்கைப் பார்த்த மைக்ராஸ்கோப்தான்.

ஸ்கேன் அறைக்குள் போகும் முன்

ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் பெரும்பாலும் நோயாளியைப் பார்ப்பதே இல்லை. சீட்டில் 'தலைவலி' என்று மட்டும் இருந்தால், அவர் தலைவலிக்கான படமாகத்தான் பார்ப்பார். மாற்று உறுப்பு, கீமோ, எச்.ஐ.வி., சர்க்கரை, சாப்பிடும் மாத்திரைகள் என எல்லாமே அந்தச் சீட்டில் இருக்க வேண்டும். வெளியே சொல்லத் தயக்கம் இருந்தால், அனுப்பிய டாக்டரையே எழுதித் தரச் சொல்லலாம். சிறுநீரகப் பிரச்னை இருந்தால் கான்ட்ராஸ்ட் போடும் முன் கிரியேட்டினின் அளவையும் காட்டணும்.

இன்னொன்று ஸ்டீராய்டு ஊசி. மூளை வீக்கத்துக்கு அதைப் போட்டால் லிம்போமாவும் சில நாட்களில் சுருங்கும், தொற்றைச் சுற்றிய வீக்கமும் வடியும். அதற்குப் பிறகு எடுத்த படத்தில், கட்டி எந்த மருந்துக்குக் கட்டுப்பட்டது என்று சொல்வது கஷ்டம். சில நேரம் உயிரைக் காப்பாற்ற அதைப் போட்டே ஆகணும். அப்படியென்றால் எந்தத் தேதியில் போட்டது என்பதும் அந்தச் சீட்டில் வர வேண்டும்.