சான்றிதழ் கொடுத்தாயிற்று, அப்புறம்?

திருவனந்தபுரத்துக்கு வடக்கே, கழக்கூட்டத்தில் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கிறது டெக்னோபார்க். 1990-ல் தொடங்கிய, நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. கேரள ஸ்டார்ட்அப் மிஷன் இயங்குவதும் இந்த வளாகத்தில்தான். புதிய மென்பொருளோடு வரும் பெண்ணுக்கு இங்கே வழிகாட்ட அனுபவஸ்தர்கள் உண்டு, கடனும் உண்டு. மதில் சுவருக்கு வெளியே ஊறுகாய் போடுகிற, துணி தைக்கிற, மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிற பெண்ணுக்கு இருப்பது குடும்பஸ்ரீ. 1998 மே 17-ல் மலப்புறத்தில் பிரதமர் வாஜ்பாய் தொடங்கிவைத்த இந்த இயக்கத்தில் இன்று சுமார் 45 லட்சம் பெண்கள்.

பெண்களுக்குத் தொழில் பயிற்சி தருவதில் யாருக்கும் ஆட்சேபம் இருந்ததில்லை. மூன்று நாள் வகுப்பு, மதியச் சாப்பாடு, கடைசி நாள் சான்றிதழ், குரூப் போட்டோ. எத்தனை பேருக்குப் பயிற்சி என்ற எண்ணிக்கை அறிக்கையில் ஏறிவிடும். திங்கட்கிழமை மொத்த வியாபாரி எண்ணெய் விலையை ஏற்றிச் சொல்லும்போதுதான் சிக்கல். வேறு எங்கே மலிவாகக் கிடைக்கும்? பாட்டிலின் விலையில் தன் கூலியைச் சேர்க்கலாமா? கடைக்காரர் ஒரு மாதக் கடன் கேட்டால் தரலாமா? வகுப்பு எடுத்தவர் அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

கென்யத் தலைநகர் நைரோபியின் டண்டோரா பகுதியில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். புதிதாகத் தொழில் தொடங்கிய பெண்களில் ஒரு பிரிவினருக்கு முறையான வணிக வகுப்பு. இன்னொரு பிரிவினருக்கு, அதே பகுதியில் நன்றாகக் கடை நடத்தும் ஒரு பெண்ணோடு வாரா வாரம் சந்திப்பு. 2018-ல் வெளியான முடிவு பயிற்சி நிறுவனங்களுக்கு உவப்பானதல்ல. வகுப்புக்குப் போனவர்களின் லாபம் உயரவில்லை. கடைக்காரப் பெண்ணிடம் கேட்டவர்களின் லாபம் சராசரியாக 20 சதவீதம் உயர்ந்தது. காரணம் சாதாரணமானது: சரக்கு எங்கே மலிவு என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். சந்திப்பு நின்றுபோனவர்களிடம் பலனும் தேய்ந்தது.

அகமதாபாத்தில் சேவா வங்கி வாடிக்கையாளர்களிடம் நடந்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது. இரண்டு நாள் பயிற்சிக்குத் தனியாக அழைக்கப்பட்டவர்களிடம் பெரிய மாற்றமில்லை. தோழியோடு அழைக்கப்பட்டவர்கள் கடன் வாங்கித் தொழிலில் போட்டார்கள். வீட்டைவிட்டு வெளியே போகக் கட்டுப்பாடு அதிகமுள்ள குடும்பத்துப் பெண்களுக்குத்தான் தோழியால் அதிகப் பலன்.

குடும்பஸ்ரீக்கு இது புதிய செய்தி அல்ல. தன் உறுப்பினர் குடும்பங்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்து நுண்தொழில் ஆலோசகர்களாகப் பழக்கியிருக்கிறது. அடுக்களையிலேயே உட்கார்ந்து அடக்க விலை போட்டுக் கொடுப்பவர்கள் இவர்கள். மாறாக, 2022-23-ஐத் தொழில் ஆண்டாக அறிவித்து ஒரு லட்சம் தொழில்களுக்கு இலக்கு வைத்த மாநில அரசு, உள்ளாட்சி அமைப்புகளில் படித்த இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்தியது. உரிமம், மானியம், விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் அவர்கள் உதவுவார்கள். எண்ணெய் எங்கே மலிவு என்பது எம்.பி.ஏ. பாடத்தில் இல்லை.

அதைவிடப் பெரிய கேள்வி, யார் வாங்குவார்கள் என்பது. கோதுமை, கடலை, சோயா, நிலக்கடலை அரைத்துச் சர்க்கரை சேர்த்து குடும்பஸ்ரீ பெண்கள் தயாரிக்கும் ‘அம்ருதம்’ மாவு, அங்கன்வாடிகள் வழியே மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் போகிறது. வாங்க ஆள் இருப்பதால் அந்த அலகுகள் நிற்கின்றன. ஸ்டார்ட்அப் மிஷனும் இதே வழியில்தான் யோசித்தது: அரசுத் துறையின் ஆர்டர் வைத்திருக்கும் பெண் தொழில்முனைவோருக்கு ஆர்டர் மதிப்பில் 80 சதவீதம் வரை, அதிகபட்சம் 15 லட்சம் ரூபாய், 6 சதவீத வட்டியில் கடன் திட்டம் கொண்டுவந்தது.

டெக்னோபார்க்கில் வேலை பார்ப்பவர்கள் 70,000-க்கும் மேல். கூட்டங்களுக்குச் சிற்றுண்டி, காவலர்களுக்குச் சீருடை, ஓணத்துக்குப் பரிசுப் பை என்று நிறுவனங்கள் வாங்கிக்கொண்டேதான் இருக்கின்றன. அவற்றின் கொள்முதல் அதிகாரிகளில் ஒருவர் மாதத்தில் ஒரு மாலை மதிலைத் தாண்டி வந்து, கொட்டேஷன் எப்படி எழுதுவது, பில் பணம் எத்தனை நாளில் வரும், எந்தக் குறைக்குச் சரக்கு திரும்பி வரும் என்று சொல்லிக் கொடுக்கலாம். கையோடு ஒரு சிறிய ஆர்டரும் கொண்டுவரலாம். இதற்குப் புதிய திட்டமோ, திறப்பு விழாவோ தேவையில்லை.