"மாத்திரையை ஏன் நிறுத்துனீங்க?" - வீடு தேடிப் போனால் மாறும் மருத்துவ மாணவர்களின் பார்வை!

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இலவச மருத்துவ முகாம் என்றால், காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். பி.பி பார்ப்பது, சுகர் டெஸ்ட் எடுப்பது, விவரம் எழுதுவது எனப் பல வேலைகளில் மருத்துவ மாணவர்கள் கைகொடுப்பார்கள். ஒருவருக்கு இரண்டு, மூன்று நிமிடங்கள் கிடைத்தாலே பெரிய விஷயம்.

அந்த அவசரத்தில், "மாத்திரையை ஏன் நிறுத்துனீங்க?" என்று கேட்டால், வயதான பாட்டி பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொள்வார். 'இவங்களுக்கு அக்கறையே இல்லை' என்று மாணவர் முடிவு கட்டிவிட்டால்? நாளை அவர் டாக்டரான பிறகும் அந்த எண்ணம் போகாது.

பார்த்தால் மட்டும் போதுமா?

ஏழை நோயாளிகளை நிறைய பார்த்தால் கனிவு தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் 1993-ல் வெளியான ஓர் ஆய்வு வேறு மாதிரி சொன்னது. வசதியில்லாதவர்களுக்குச் சிகிச்சை தருவது பற்றி, முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு இருந்த அளவு நல்லெண்ணம் இறுதியாண்டு மாணவர்களிடம் இல்லை. பிலடெல்பியா மருத்துவக் கல்லூரி ஒன்றில் நடந்து, 2009-ல் வெளியான ஆய்விலும், மூன்றாம் ஆண்டில்தான் பரிவு சரிந்தது. அங்கே மாணவர்கள் நோயாளிகளோடு அதிகம் பழகத் தொடங்குவதே அந்த ஆண்டில்தான்!

எத்தனை பேரைப் பார்த்தார்கள் என்பதைவிட, ஒரே மனிதரைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்களா என்பதே முக்கியம்.

தத்தெடுக்கப்படும் குடும்பங்கள்

அதற்கான ஒரு வழி இப்போது எம்.பி.பி.எஸ் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. 2021-22 பேட்ச் முதல், தேசிய மருத்துவ ஆணையம் 'குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தை'க் கொண்டுவந்தது. முதலாம் ஆண்டிலேயே ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, பேராசிரியர்களின் வழிகாட்டுதலில் தொடர்ந்து சென்று பார்க்க வேண்டும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி, பெரம்பலூர் அருகே சிறுவாச்சூரில் உள்ள தனியார் கல்லூரி என எல்லோருக்கும் இதே விதிதான்.

வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால்தான் விஷயம் புரியும். விடியற்காலையில் சாப்பிடாமல் களையெடுக்கப் போகிறவருக்கு, 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதிய மாத்திரையை எப்போது போடுவது? மாத்திரை வாங்க ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றால், அன்றைய கூலி போச்சு. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பி.பி, சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதும் இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான்.

"என்ன வேலை பார்க்கிறீங்க?" என்ற ஒரு கேள்வி உயிரையே காப்பாற்றலாம். 2017-ல் பெரம்பலூர் மாவட்டப் பருத்தி வயல்களில் பூச்சிமருந்து அடித்த விவசாயிகள் பலர் பாதிக்கப்பட்டார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. வாந்தி, தலைசுற்றல் என்று வருபவரிடம், 'நேத்து மருந்து அடிச்சீங்களா?' என்று கேட்கத் தோன்ற வேண்டுமானால், அந்த ஊரின் பயிரும் தொழிலும் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. படிவத்தை நிரப்பி, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினால் இதுவும் இன்னொரு முகாம்தான். போன முறை பார்த்த அதே வீட்டுக்குத் திரும்பிப் போய், "அந்த மாத்திரை ஒத்துக்கிச்சாம்மா?" என்று கேட்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உங்கள் வீட்டுக்கு வந்தால்...

* சாப்பிடும் மாத்திரைகள், பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துக் காட்டுங்கள்.
* மாத்திரையை நிறுத்தியிருந்தால் மறைக்காதீர்கள், காரணத்தையும் சொல்லுங்கள்.
* வேலை, சாப்பாட்டு நேரம், பஸ் வசதி பற்றியும் பேசுங்கள்.
* அவர்கள் இன்னும் மாணவர்கள்தான். மாத்திரையை மாற்றவோ நிறுத்தவோ டாக்டரிடம் கேளுங்கள்.

தலையைக் குனிய வேண்டாம். நீங்கள் சொல்லும் காரணம்தான், அந்தப் பிள்ளைக்குப் புத்தகத்தில் கிடைக்காத பாடம்!