உடைந்த நகையும் ஓடிப்போகும் லட்சுமியும்

நம் நாட்டு வீடுகளில், அது ஓட்டு வீடாயிருந்தாலும் சரி, மாடி வீடாயிருந்தாலும் சரி, பெட்டியின் அடியில் பழைய துணியில் முடிந்த ஒரு பொட்டணம் இருக்கும். ஒற்றைத் தோடு, திருகு போன மூக்குத்தி, நெளிந்த வளையல், கொக்கி அறுந்த சங்கிலித் துண்டு, கல் உதிர்ந்த மோதிரம் இவைகள்தாம் அதில் இருக்கும். இவற்றை யாரும் அணிவதில்லை, யாரும் விற்பதுமில்லை. ஏனென்று கேட்டால், "தங்கத்தை விற்றால் லட்சுமி வீட்டை விட்டுப் போய்விடுவாள்" என்பதாகப் பதில் வருகின்றது. அறுந்ததை அறுந்தது என்று சொல்லக்கூட வாய் வராமல், தாலிக்கொடி அறுந்தால் "பெருகிற்று" என்று சொல்லுகின்ற ஜனங்கள் நாம்! உள்ளதை உள்ளபடி சொல்லவே பயப்படுகிறவர்கள் அதை விற்கத் துணிவார்களா?

சென்ற ஆண்டு ஒரு கிராமத்துக்குக் கூட்டம் பேசப் போயிருந்தோம். கூட்டம் முடிந்ததும் ஒரு அம்மையார் வந்து தம் கஷ்டத்தைச் சொன்னார். புருஷன் இறந்து மூன்று வருஷமாகிறது. மகளுக்கு நர்சுப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. பணம் கட்ட நூற்றுக்கு ஐந்து வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார். மாதம் நூற்றுக்கு ஐந்து என்றால் இருபதே மாதத்தில் வட்டி மட்டும் முதலுக்குச் சமமாகிவிடும். முதல் அப்படியே நிற்கும். "வீட்டில் பொன் ஒன்றும் இல்லையா, அம்மா?" என்று கேட்டோம். இருக்கிறதாம்! உடைந்தது, ஒற்றையாய்ப் போனது எல்லாம் சேர்த்து மூன்று பவுனுக்குக் குறையாதாம். விற்கலாமா என்று சோதிடரைக் கேட்டதற்கு, "வீட்டில் ஒரு உயிர் போயிருக்கிறது, பொன்னும் போனால் குடும்பம் நிலைக்காது" என்று சொல்லிவிட்டாராம். அதை மாமியாரும் கொழுந்தனும் பிடித்துக் கொண்டார்களாம்.

இதைக் கேட்டு நமக்குச் சோதிடர் மீது வந்த கோபத்தைவிட, அதை நம்பி வட்டி கட்டிக்கொண்டிருந்த அந்த அம்மையார்பேரில் வந்த இரக்கமே அதிகம். பொட்டணத்தில் பொன் தூங்குகிறது. வாசலில் வட்டிக்காரன் நிற்கிறான். அவன் மாதாமாதம் கொண்டுபோகும் பணத்தில் லட்சுமி இல்லை போலும்!

தங்கத்தைக் கையைவிட்டுக் கொடுத்தால் லட்சுமி போய்விடுவாள் என்பது உண்மையானால், உலகத்திலேயே முதலில் ஓட்டாண்டியாக வேண்டியவர் நகைக் கடைக்காரரல்லவா? அவர் காலை முதல் இரவு வரை தங்கத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். வெள்ளிக்கிழமை அதிகமாகக் கொடுக்கிறார். அட்சய திருதியை அன்றோ விடியற்காலையிலேயே கடை திறந்து, வரிசை வைத்துக் கொடுக்கிறார். அவர் வீட்டு லட்சுமி ஓடிப்போகக் காணோம். கடைக்கு மேல் கடையாகக் கட்டடந்தான் எழும்புகின்றது. வாங்குகிறவனுக்கு ஒரு சாஸ்திரம், விற்கிறவனுக்கு ஒரு சாஸ்திரமா? ஐம்பது வயது தாண்டிய தோழர்கள் ஒன்றை யோசித்துப் பார்க்கட்டும். உங்கள் சிறு வயதில் அட்சய திருதியை என்று சொல்லி உங்கள் தாயார் நகைக் கடை வாசலில் நின்றதுண்டா?

நிற்க. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. உடைந்த நகையை விற்காதே என்று சொல்லும் அதே வாய்தான், "வீட்டில் வைத்துக்கொள்ள மனமில்லையானால் கோயில் உண்டியலில் போட்டுவிடு" என்றும் சொல்லுகின்றது. சரி, உண்டியலில் விழுந்த தோட்டின் கதி என்ன? சாமி அதைக் காதில் மாட்டிக்கொள்ளுகிறாரா? இல்லை. கோயில்களுக்குக் காணிக்கையாக வந்து, சாமிக்குச் சாத்த உதவாத பொன்னையெல்லாம் கல்லும் அழுக்கும் நீக்கி, மும்பையிலுள்ள அரசாங்க நாணயச் சாலைக்கு அனுப்பி, உருக்கிக் கட்டியாக்கி, பாங்கியில் முதலீடு செய்து வட்டி வாங்குகிறார்கள். நம் தமிழ்நாட்டு அறநிலையத் துறையே இதைச் செய்கின்றது. இருபத்தொரு கோயில்களிலிருந்து ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட தங்கம் இப்படி உருக்கப்பட்டு, ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் வட்டி வருவதாக 2025-ல் சட்டசபையிலேயே சொல்லப்பட்டது. இதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. புத்தியுள்ள காரியம் என்றே சொல்லுகின்றோம். ஆனால் நாம் கேட்பது இதுதான்: அம்மன் கழுத்துப் பொன்னை உருக்கினால் அம்மனுக்குக் குறைவில்லை, பாங்கியில் வட்டி வருகிறது. தாலியறுத்த ஒரு ஏழைப் பெண் தன் திருகு போன மூக்குத்தியை விற்றால் மட்டும் குடும்பம் அழிந்துவிடுமா? இதற்குச் சோதிடர்களும் புரோகிதர்களும் என்ன சமாதானம் சொல்லப் போகிறார்கள்?

"விற்க வேண்டாம், அடகு வைத்துக்கொள்" என்று இன்னொரு கூட்டத்தார் புத்தி சொல்லுவார்கள். மீட்க வழியுள்ளவன், அணிகிற நகையை அவசரத்துக்கு அடகு வைப்பது வேறு விஷயம். யாரும் அணியாத உடைசலை அடகு வைத்து, அதற்கும் வட்டி கட்டி, மீட்டுக் கொண்டுவந்து மறுபடியும் துணியில் முடிந்து வைப்பதை என்னவென்று சொல்லுவது? மீட்க முடியாமல் ஏலத்துக்குப் போய்விட்டாலோ அது விற்பனையில்லையாம், விதியாம்!

1931-ல் நடந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உலகமெங்கும் மந்தம், நெல்லுக்கும் பருத்திக்கும் விலையில்லை, வரியும் கடனும் மட்டும் குறையவில்லை. அந்த செப்டம்பரில் இங்கிலாந்து தன் நாணயத்தைத் தங்கத்திலிருந்து விலக்கிக் கொண்டது. இங்கே தங்கத்தின் ரூபாய் விலை ஏறிற்று. லட்சுமி, வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம் எல்லாம் பேசிய அதே குடியானவர்கள்தாம் தங்கள் பெண்டு பிள்ளைகளின் நகைகளைக் கொண்டுபோய் விற்றார்கள். பம்பாய் வழியாகக் கப்பல் கப்பலாகத் தங்கம் லண்டனுக்குப் போயிற்று. ஆகவே மூடநம்பிக்கை விற்பனையைத் தடுத்ததேயில்லை. யோசித்து, நாலு கடை விசாரித்து விற்கவேண்டிய காலத்தில் தடுத்துவிட்டு, பசியும் கடனும் கழுத்தைப் பிடிக்கும்போது கொடுத்த விலைக்கு விற்கும்படி செய்கின்றது.

"பழையதைப் போட்டுப் புதியது எடுத்தால் பாவமில்லையே" என்பாரும் உண்டு. பாவமில்லைதான், நஷ்டம் உண்டு. ஐந்து பவுன், அதாவது 40 கிராம் பழைய நகையைப் போடுகிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுவோம். அதில் கழிவு போகும். புது நகைக்குச் சேதாரம் நூற்றுக்குப் பத்து என்று போட்டால் 4 கிராம், அரைப் பவுன், அங்கே போயிற்று. அதன்மேல் செய்கூலி. அதன்மேல் நூற்றுக்கு மூன்று சரக்கு சேவை வரி. அந்தப் புது நகையும் ஒருநாள் கொக்கி அறும்; மறுபடியும் அரைப் பவுன். ரொக்கமாக விற்பவருக்கு இந்தச் சேதாரமும் செய்கூலியும் இல்லை. விற்கும் சாதாரணக் குடும்பத்தாரிடம் அந்த வரியும் பிடிப்பதில்லை.

ஆனால் விற்கப் போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போகக் கூடாது. சாமியை நம்பாதே என்று சொல்லும் நாம் கடைக்காரரை நம்பு என்று சொல்லமாட்டோம். முதலில் வீட்டிலேயே எது எத்தனை என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கல்லும், உள்ளிருக்கும் அரக்கும் எடையில் சேராது. அவற்றை உங்கள் கண் முன்னே எடுக்கச் சொல்லி, பிறகு தராசில் வைக்கச் சொல்லுங்கள். தராசு உங்களுக்குத் தெரியும்படி இருக்கட்டும். 22 காரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். ஒரு பவுனில் சுமார் 7.33 கிராம் சுத்தப் பொன். பழைய நகை எல்லாம் 22 காரட் என்று நினைத்துவிடாதீர்கள். பற்று வைத்த இடத்தில் மாற்றுக் குறையும். உரைகல்லில் தேய்த்து ஒருவர் வாயால் சொல்லுவதைவிட, மாற்றைக் கணக்கிட்டுக் காட்டும் இயந்திரம் உள்ள இடத்துக்குப் போவது நல்லது. ஹால்மார்க் முத்திரை வைக்கும் நிலையங்களிலே சொற்பக் கட்டணத்துக்குச் சோதித்தும் தருகிறார்கள். 2021 முதல் படிப்படியாக வந்த கட்டாய ஹால்மார்க் சட்டம் நகை விற்கும் வியாபாரிக்குத்தான்; முத்திரையில்லாத உங்கள் பாட்டி நகையை நீங்கள் விற்கத் தடையில்லை. "முத்திரையில்லை, பாதி விலைதான்" என்று ஒருவர் சொன்னால் அடுத்த கடைக்கு நடங்கள். எத்தனை கழிவு, எந்த விலை என்பதை எழுத்தில் கேளுங்கள். பெருந்தொகையானால் கடைக்காரர் ரொக்கமாகத் தராமல் பாங்கிக் கணக்கில் செலுத்துவார். இரண்டு லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது 2017 முதல் சட்டத்துக்கு விரோதம்.

அந்தக் கணக்கு யார் பேரில் என்பதுதான் அடுத்த கேள்வி. இங்கே நம் தோழர்களிடமே நமக்கு ஒரு சண்டை உண்டு. மேடையில் லட்சுமியைக் கிண்டல் செய்துவிட்டு, வீட்டுக்குப் போய், "நகையெல்லாம் மூடநம்பிக்கை, கழற்று" என்று மனைவியின் வளையலை வாங்கித் தன் வியாபாரத்தில் போட்டவர்களை நாம் அறிவோம். இது பகுத்தறிவா, பறித்தலா? பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் தீர்மானம் செய்த இயக்கம் இது. தன் கைவசமுள்ள சொத்துக்கு இந்துப் பெண் முழு உரிமையாளி என்று 1956-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகின்றது. சீர்வரிசையாக வந்த பொன் அவளுடையதே; புருஷனுக்குப் பங்கில்லை என்று 1985-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாயிற்று. விற்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவள் அவள். பணம் போக வேண்டிய இடம் அவள் பேரிலுள்ள கணக்கு. அவள் விற்க இஷ்டமில்லை, தாயார் ஞாபகமாக இருக்கட்டும் என்றால் அதுவும் அவள் இஷ்டம். ஞாபகத்துக்கும் சாஸ்திரத்துக்கும் வித்தியாசம் உண்டு.

அந்தக் கிராமத்து அம்மையார் மறு வாரம் பொட்டணத்தோடு டவுனுக்கு வந்தார். மூன்று கடை ஏறி இறங்கினோம். முதல் கடைக்கும் மூன்றாவது கடைக்கும் கழிவில் மட்டும் ஒரு கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தது. மூன்றாவது கடையில் விற்றார். ஒரு தோட்டை மட்டும், அவர் தாயார் போட்டிருந்ததாம், எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். கடன் அன்றைக்கே தீர்ந்தது. மீதி அவர் கணக்கில் இருக்கிறது. அன்றைக்குக் கிழமை வெள்ளி. வீட்டுக்குப் போனதும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "எடை சரியாப் போட்டானா?" என்பதுதானாம்.