லினக்ஸுக்கு முதல் பேட்ச்: ஏன் திரும்பி வருகிறது?

லினக்ஸ் கெர்னலுக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். ஆனால் பலருக்கு முதல் பேட்ச் திரும்பித்தான் வருகிறது. கோடு தப்பு என்பதால் மட்டுமல்ல. ஒரு பிழையைச் சரிசெய்யப் போனவர், போகிற போக்கில் நாலு இடத்தில் இடைவெளியையும் ஒழுங்குபடுத்தியிருப்பார். ஒரு பேட்ச்சுக்கு ஒரு மாற்றம்தான் அங்கே சட்டம். எதை மாற்றினோம் என்பது கோடிலேயே தெரியும். ஏன் மாற்றினோம் என்பதைத்தான் விளக்கத்தில் எழுதணும்.

அனுப்புமுன் 'செக்பேட்ச்' ஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பாருங்க. யாருக்கு அனுப்புவது என்பதை 'கெட் மெயின்டெய்னர்' சொல்லிவிடும். மின்னஞ்சலில் இணைப்பாக வேண்டாம், உள்ளேயே வெறும் எழுத்தாகப் போகணும். கீழே போடும் 'சைன்ட் ஆஃப் பை' வெறும் அலங்காரம் இல்லை. இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி. 2004இல் வந்த வழக்கம்.

அப்புறம் வரும் மௌனம்தான் புதியவர்களை விரட்டுகிறது. பதில் வராவிட்டால் நிராகரிப்பு என்று அர்த்தமில்லை. ஒரு வாரமாவது பொறுத்து நினைவூட்டலாம். குறை சொன்னால் திருத்தி, என்ன மாறியது என்று குறிப்பிட்டு, 'வி2' என மறுபடி அனுப்புங்கள்.

விதிகள் எல்லாம் எழுதித்தான் இருக்கின்றன. ஆனாலும் "ஆவணத்தைப் படி" என்று ஒற்றை வரியில் பதில் வந்தால், அனுப்பியவர் மறுபடி வருவாரா? எந்த விதி, எந்த வரியில் மீறப்பட்டது என்று பராமரிப்பாளர் ஒருமுறை காட்டிவிட்டால் போதும்.